ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலிகளை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

முதலில் அழுத்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். மங்கிய உயிர் அதன் பின்னாலேயே வரும். நம் பிள்ளைகள் 'பனானா' என்பதில் மூன்று அசையையும் ஒரே கனத்தில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நடு அசைக்கு மட்டுமே கனம். முதலிலும் கடைசியிலும் வருவது 'அ'வும் இல்லை, 'ஆ'வும் இல்லை. வாயைத் தளர்த்திவிட்டால் வருகிற ஒலி. பெயர் ஷ்வா. அகராதியில் தலைகீழான ஆங்கில 'e' எழுத்தாக (ə) இருக்கும்.

எழுத்தை நம்பினால் பிடிபடாது. டீச்சர், டாக்டர், ஷுகர் மூன்றிலும் கடைசி உயிரெழுத்து வேறு வேறு. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒலி ஒன்றே. அதனால் கரும்பலகையை மறந்துவிட்டு, காதால் கேட்க வையுங்கள்.

எனக்குப் பிடித்த ஜோடி 'ஃபோட்டோகிராஃப்', 'ஃபோட்டோகிராஃபர்'. முதல் சொல்லில் அழுத்தம் முதல் அசையில். இரண்டாவதில் அது அடுத்த அசைக்குத் தாவ, 'ஃபோ' சுருங்கி 'ஃபட்டாக்ரஃபர்' மாதிரி ஆகிவிடும். அழுத்த அசை வரும்போது மட்டும் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டாத இடங்கள் தாமாகவே தளரும்.

'குரு', 'காசு' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வைக்கலாம். பின்னதில் உதடு குவியாது. குற்றியலுகரம் படித்த பிள்ளைகளுக்கு உயிர் குறுகுவது புதிதல்ல (ஒலி வேறுதான், சரி).

அப்புறம் வாக்கியம். 'கப் ஆஃப் டீ' இயல்பான பேச்சில் 'கப்பவ் டீ' ஆகும். ஆனால் 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்று கேட்கும்போது கடைசியில் நிற்கும் 'ஃப்ரம்' தேயாது, முழு உயிரோடுதான் ஒலிக்கும்.