ஸ்டேஷன் ஜாமீனில் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

கேள்வி: சைக்கிளில் போன என் தம்பி, பின்னால் வந்த லாரி மோதி இறந்துவிட்டான். டிரைவரை அன்றைக்கே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஓர் உயிருக்கு மதிப்பு இவ்வளவுதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக மனம் உடைந்துபோக வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால், புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் (அஜாக்கிரதையால் மரணம்) வழக்குப் பதிவாகும். 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதற்கு முந்தைய விபத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ. உச்சத் தண்டனை 2 ஆண்டுதான். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள் என்பதால், உரிய ஜாமீன் கொடுத்தால் போலீஸ் விட்டாக வேண்டும். வழக்கு அப்படியே இருக்கும். லாரிக்காரர்கள் சமாதானம் பேசி வந்து நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது தானாக முடியாது.

கவலைப்பட வேண்டியது தடயத்தைப் பற்றி. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பதிவான பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் சரியாக இருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். தார் விளிம்பிலிருந்து எத்தனை அடியில் மோதியது, பிரேக் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம், சைக்கிளும் செருப்பும் எங்கே கிடந்தன என்பதெல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓரமாகப் போனவர் நடுரோட்டில் அடிபட்டதுபோல வரைபடம் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

சாட்சிகள் “லாரி அதிவேகமாக வந்தது” என்று மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது. வேகம் ஒன்றே அஜாக்கிரதை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சதீஷ் வழக்கில் சொல்லிவிட்டது. எந்தப் பக்கம் ஏறி வந்தது, ஹாரன் அடித்ததா, விளக்கு எரிந்ததா என்று கண்டதைச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் பிறகு சொல்லக்கூடும். அதற்குப் பதில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில்தான் இருக்கிறது. வண்டியைச் சோதிக்கும் முன் விடுவித்துவிட்டால் அந்தப் பதிலும் போயிற்று.

சி.சி.டி.வி. பதிவு சில நாளிலேயே அழிந்துபோகலாம். வழியிலுள்ள பெட்ரோல் பங்க், கடைகளின் பெயரை எழுதி, அந்தப் பதிவுகளைக் கைப்பற்றும்படி இன்ஸ்பெக்டரிடம் இன்றே மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஓட்டியவர் ஒருவர், சரணடைபவர் வேறொருவர் என்ற மோசடி இந்தப் பதிவில்தான் பிடிபடும். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி உரிமையாளர் சொல்லியே தீர வேண்டும்.

குடித்திருந்தால் கதை மாறும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று காட்ட முடிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) பொருந்தும். அதில் ஜாமீன் எளிதல்ல, 10 ஆண்டு வரை சிறை. மும்பையில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், இதற்கு இணையான பழைய பிரிவில் கொடுத்த 3 ஆண்டு சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்கிறது சட்டம். கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே டிரைவர் விடுதலையானாலும் இங்கே இழப்பீடு கிடைக்க வழியுண்டு.

கேள்வி: என் வண்டியில் அடிபட்டவர் இறந்துவிட்டார். கூட்டம் அடிக்க வந்ததால் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். தப்பி ஓடிய குற்றம் ஆகுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஆகாது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தை விலக்காக ஏற்கிறது. போலீஸுக்கு உடனே, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் போன நேரம் ஸ்டேஷன் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஓடுபவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106(2) பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. 106(1) வழக்கை மட்டும் நீங்கள் சந்தித்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: 16 வயது மகன் பைக் எடுத்துப்போய் விபத்து செய்தால் யாருக்குத் தண்டனை?
– வாசகர், கரூர்

பதில்: மகன் சிறார் நீதி வாரியத்துக்கு, நீங்கள் கோர்ட்டுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கும் வண்டி உரிமையாளருக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். 25 வயது வரை பையனுக்கு லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.