ஓர் இறப்புச் சான்றிதழும் மாநில உரிமையும்

கேள்வி: மாநில உரிமைக்காக இத்தனை ஆண்டுகளாக எழுதி வருகிறீர்கள். ஆனால், அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தை அந்தந்த மாநிலமே முடிவு செய்யட்டும் என்பவர்களை மட்டும் கண்டிக்கிறீர்கள். இது முரண்பாடு இல்லையா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர்கள் சொல்வதை நம்பிக் கேட்கிறீர்கள். நடந்துகொண்டதையும் பாருங்கள்.

1996-இல் அமெரிக்காவின் எந்த மாநிலமும் தன்பாலினத் திருமணத்தை நடத்தி வைக்கவில்லை. அப்போதே, திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பது மட்டும்தான் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது, கிளிண்டன் கையெழுத்திட்டார். 2004 மே மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அத்தகைய திருமணங்கள் தொடங்கின. மாநில உரிமை பேசியவர்கள் அதை அந்த மாநிலத்தின் முடிவு என்று விட்டார்களா? தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, நாடு முழுவதும் தடுக்கும்படி அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார் அதிபர் புஷ். ஒரு பெண்ணை மணந்த எடித் வின்சரின் திருமணத்தை நியூயார்க் மாநிலம் ஏற்றது. துணைவி இறந்ததும், மனைவியாக ஏற்க மறுத்து 3,63,053 டாலர் வரி வாங்கியது மத்திய அரசு. அந்த 1996 சட்டத்தை 2013 வரை நீதிமன்றத்தில் தாங்கிப் பிடித்தவர்கள், நாடாளுமன்றக் கீழவையின் குடியரசுக் கட்சித் தலைவர்கள். நியூயார்க்கின் உரிமை அப்போது எங்கே போயிருந்தது?

நான் மாநில உரிமை கேட்பது, தொலைவில் இருக்கும் பெரிய அதிகாரம் இங்கிருக்கும் மக்களின் வாழ்க்கையை மிதிக்கக் கூடாது என்பதற்காக. அதே காரணத்தால், மாநிலம் தன்னைவிடச் சிறிய இரண்டு பேர் மீது ஏறி நிற்பதையும் என்னால் ஏற்க முடியாது. 1967-இல் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதை 16 மாநிலங்கள் தடை செய்திருந்தன. திருமணம் மாநிலத்தின் அதிகாரம் என்றுதான் வர்ஜீனியாவும் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. அந்த வாதத்தை நீங்கள் ஏற்றிருப்பீர்களா?

ஒஹாயோவில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை. ஜான் ஆர்தர் நரம்பு நோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். அவருடைய மாநிலம் மணம் முடித்து வைக்காது. எனவே 2013 ஜூலையில் மருத்துவ விமானத்தில் அவரை மேரிலாந்துக்குக் கொண்டு சென்றார் அவருடைய இணையர் ஜிம் ஓபர்கஃபெல். ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே திருமணம் நடந்தது. மூன்றே மாதத்தில் ஆர்தர் இறந்தார். இறப்புச் சான்றிதழில் ஜிம்மைத் துணைவராகக் குறிப்பதற்கு எதிராக ஒஹாயோ வழக்காடியது. அந்த வழக்கில்தான் 2015-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நாடு முழுவதும் இந்த உரிமையை வழங்கியது.

அந்த ஒரே ஒரு வாக்கு வித்தியாசம் எனக்குக் கவலை தருகிறது. 2022-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு பைடன் கையெழுத்திட்ட சட்டம், பிற மாநிலத்தில் நடந்த திருமணத்தை ஏற்கச் சொல்கிறது. நடத்தி வைக்கச் சொல்லவில்லை. பழைய தடைகள் பல மாநிலங்களின் சட்டங்களில் அப்படியே இருக்கின்றன. தீர்ப்பு போனால், சாகக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டும் நிலை திரும்பவும் வரும்.