ஆறு கிலோ இறக்கச் சொன்னவர் உங்களோடு ரிங்குக்குள் வருவாரா?

கேள்வி: எனக்கு வயது 22. கோவையில் எட்டு மாதமாக எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பயிற்சி எடுக்கிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் சென்னையில் என் முதல் அமெச்சூர் ஃபைட். காலையில் வெறும் வயிற்றில் என் எடை 72 கிலோ. ஆனால் 65.8 கிலோ பிரிவில்தான் ஆள் இருக்கிறது, இறக்கிக்கொண்டு வா என்கிறார் மேட்ச் ஏற்பாடு செய்பவர். அன்று காலை எடை பார்த்து அன்றைக்கே ஃபைட். கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, நீர் மாத்திரை போட்டால் போதும் என்கிறார் ஜிம்மில் ஓர் அண்ணன். ரத்தப் பரிசோதனையெல்லாம் வெறும் ஃபார்மாலிட்டி என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: 65.8-ல் இறங்காதீர்கள், தம்பி. 70.3 கிலோ பிரிவில் ஆள் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த போட்டி வரட்டும். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இத்தோடு விட்டால் அந்த அண்ணன் உங்கள் மனசை மாற்றிவிடுவார் என்பதால் மேலே எழுதுகிறேன்.

72-லிருந்து 65.8-க்கு வர 6.2 கிலோ இறக்க வேண்டும். உங்கள் உடம்பில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. டிவியில் வருகிற பெரிய வீரர்கள் இதைவிட அதிகம் இறக்குகிறார்களே என்பார் அண்ணன். இறக்குகிறார்கள், உண்மைதான். அவர்களுக்கு முந்தின நாள் காலையில் எடை பார்ப்பார்கள், மறுநாள் இரவு சண்டை. குடிக்க, சாப்பிட, தூங்க நடுவில் ஒரு முழு நாளுக்கு மேல் இருக்கிறது. உங்களுக்கோ எட்டு மணிக்கு எடை, பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வயிற்றுக்குப் போகும். ரத்தத்துக்கும் தசைக்கும் போய்ச் சேர்வது வேறு கதை. முதல் ரவுண்டில் கை ஓடும், இரண்டாவதில் கால் கனக்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் தலையில் வாங்குகிற அடிதான் எனக்குப் பயம். வற்றிப்போன உடம்பில் விழுகிற அடியும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய உடம்பில் விழுகிற அடியும் ஒன்றல்ல.

பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெரினாவில் ஓடுகிற பையன்களைப் பார்க்கிறேன். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைக் காற்றில் சும்மா நின்றாலே வேர்வை காயாது. அதற்கு மேல் பிளாஸ்டிக்கும் போட்டால் உடம்புச் சூடு எங்கே போகும்?

இது மிரட்டல் இல்லை, நடந்தது. 1997-ன் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர் எடை இறக்கும்போது ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகே அங்கே விதிகளை மாற்றினார்கள். 2013-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு எம்.எம்.ஏ. வீரர் எடை பார்க்கும் நாளிலேயே இறந்தார். நீர் மாத்திரை சாப்பிட்டிருந்தார் என்று செய்திகள் வந்தன. 2015 டிசம்பரில் மணிலாவில் சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தபோது அவருக்கு 21 வயது, உங்களைவிட ஒன்று குறைவு. அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அதன் பிறகுதான் தண்ணீரை வற்றவைத்து எடை இறக்குவதைத் தடை செய்து, உடம்பு வற்றியிருக்கிறதா என்று பார்க்கிற சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது.

நீர் மாத்திரை என்று அண்ணன் சொல்வது பெரும்பாலும் ஃப்யூரோசமைடாக இருக்கும். இதயம் பலவீனமாகி கால் வீங்கியவர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுப்பது. தண்ணீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் தாளம் தப்பும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் வருடம் முழுக்கத் தடையில் இருக்கும் மருந்தும்கூட. எடை பார்த்த பிறகு ‘ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கலாம்’ என்று ஹோட்டல் அறைக்கு ஊசியோடு ஒருவர் வருவார். அதுவும் வேண்டாம். மருத்துவமனைச் சிகிச்சையாக இல்லாமல் பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றினால் அதே பட்டியலின்படி குற்றம்.

70.3 என்றால் நீங்கள் இறக்க வேண்டியது 1.7 கிலோதான். ஐந்து வாரம் இருக்கிறது. சோற்றை நிறுத்தாதீர்கள், ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். கடைசி மூன்று நாள் ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கம் போகாதீர்கள். தண்ணீர் வழக்கம்போல். இதற்கு டயட் சார்ட் விற்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்று மூன்று. சண்டை நடக்கிற கூண்டுக்குள் மூக்கு உடையும், புருவம் கிழியும், ஒருவர் ரத்தம் மற்றவர் கண்ணில் படும். எதிராளியும் இதே சோதனை எடுத்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபப்படுகிற அமைப்பாளரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. கண்ணாடி போடுகிறவர் என்றால் விழித்திரையையும் காட்டிவிடுங்கள்.

இந்த வாரமே ரத்தம் கொடுங்கள் என்றேனே, அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இதனால் இரண்டு பையன்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி-க்கு நாம் தேடுவது எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்கிற வைரஸின் மேலுறைப் புரதத்தை. தடுப்பூசியில் இருப்பதும் அதே புரதம்தான், வைரஸ் கிடையாது. ஆகவே ஊசி போட்ட அடுத்த சில நாளில் ரத்தம் கொடுத்தால், நோய் இல்லாதவருக்கும் ‘பாசிட்டிவ்’ என்று வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று வாரம்வரைகூட அப்படிக் காட்டும். ‘ஃபைட் வருகிறதே, ஊசி போட்டுக்கொள்’ என்று யாரோ நல்லெண்ணத்தில் சொல்ல, இந்தப் பையன்கள் திங்கட்கிழமை ஊசி, வியாழக்கிழமை டெஸ்ட் என்று போயிருக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை. ஆகவே முதலில் டெஸ்ட், பிறகு ஊசி. ஏற்கெனவே ஊசி போட்டாயிற்று என்றால் ஒரு மாதம் பொறுத்து ரத்தம் கொடுங்கள். ஊசி போட்ட தேதியை லேபில் சொல்லுங்கள். சின்ன வயதில் போட்ட ஊசி இந்தக் கணக்கில் வராது. முன்பே போடாதவர் என்றால் ஊசி கட்டாயம் வேண்டும், மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும். இந்த ஃபைட்டுக்கு அது உதவாது. ஆனால் நீங்கள் ஒரு ஃபைட்டோடு நிற்கப் போவதில்லையே.

சரி, இனி அந்த மேட்ச் ஏற்பாடு செய்பவர். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அவர்தான். 72 கிலோ பையனை 65.8-க்கு வரச் சொல்கிறார் என்றால் அவருக்குத் தேவை ஒரு காலியிடம் நிரம்புவது. அந்த இடத்தில் நிற்கிறவர் யார் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வருடக்கணக்காக ரிங் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் நுழைவுக் கட்டணம். அப்புறம் ‘இருபது டிக்கெட் நீயே விற்றுக் கொடு’. அதாவது உங்கள் சித்தப்பாவும் காலேஜ் நண்பர்களும்தான் அவருடைய வியாபாரம். அப்புறம், ‘இந்த சர்டிஃபிகேட் வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கலாம்’. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு இடஒதுக்கீடு இருப்பது நிஜம். அதற்காகத் தங்கக் காகிதத்தில் அச்சடித்த எல்லாச் சான்றிதழும் அங்கே செல்லுபடியாகாது. எந்த விளையாட்டு, எந்தச் சங்கம், எந்த நிலைப் போட்டி என்று பட்டியல் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். ‘அகில இந்திய’ என்று பெயரில் போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை.

எதிராளியைப் பற்றி ‘அவனுக்கும் முதல் ஃபைட்தான்’ என்பார்கள். எம்.எம்.ஏ.வில் முதல் ஃபைட்டாக இருக்கும். பத்து வருடம் மல்யுத்தம் செய்த பையனுக்கும் எம்.எம்.ஏ.வில் சுழியம்தான். குத்துச்சண்டை, கிக்பாக்ஸிங், மல்யுத்தம், ஜூடோ, எல்லாம் சேர்த்து எத்தனை போட்டி என்று உங்கள் கோச்சை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அன்று காலை ஆள் மாறிவிட்டது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு ஊருக்கு வாருங்கள். டிக்கெட் வாங்கிய சித்தப்பா கோபித்துக்கொள்ளட்டும். விதிகளையும் எழுத்தில் வாங்குங்கள். சர்வதேச அமெச்சூர் விதிப்படி மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, முழங்கையால் அடிக்கக் கூடாது, தலையில் முழங்கால் கூடாது, கீழ்க்காலின் முன்பக்கத்துக்குக் கவசம் உண்டு. ‘அமெச்சூர்’ என்று போஸ்டர் அடித்துவிட்டு முழங்கையை அனுமதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒருமுறை ஓர் அமைப்பாளர் என்னிடம் நாற்பது உடல்தகுதிப் படிவங்களை நீட்டினார். ஒரு வீரர்கூட இன்னும் வந்து சேரவில்லை. ‘சார், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, பெயர் நாங்க எழுதிக்கிறோம்.’ போடவில்லை. நான்கு தெரு தள்ளி வேறு ஒருவர் போட்டார். அன்று ஆம்புலன்ஸ் என்று நின்றது ஸ்ட்ரெச்சர் போட்ட ஒரு வேன், டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஜல்லிக்கட்டில் காளைக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. பிடிக்கிறவருக்கும் உண்டு. ஆட்சியர் அனுமதி இல்லாமல் வாடிவாசல் திறக்காது. மண்டபத்துக்குள் இரண்டு பேரைக் கூண்டில் விட்டு அடித்துக்கொள்ளச் சொல்வதற்கு மட்டும், டாக்டர் யார், ஸ்கேன் எங்கே என்று கேட்க அரசாங்கத்தில் ஒரு மேசை இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்றே ஆணையம் வைத்திருக்கிறார்கள். இங்கே 2022 ஜூலையில் பெங்களூருவில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்டு மைசூரைச் சேர்ந்த 23 வயதுப் பையன் இறந்தான். மருத்துவ ஏற்பாடு இல்லை என்று அவனுடைய அப்பா புகார் சொன்னார். அடுத்த மாதமே சென்னையில், கிக்பாக்ஸிங் தேசியப் போட்டியில் காயம்பட்ட அருணாசலப் பிரதேச வீரர் ஒருவர் இறந்தார். இரண்டு நாள் செய்தி வந்தது. அதோடு சரி.

கடைசிப் பத்து நாள் ஜிம்மில் பலத்த ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டாம். அதற்கு முன் எப்போதாவது தலையில் அடிபட்டு, மறுநாளும் தலைவலியோ குமட்டலோ இருந்தால் இந்த ஃபைட் கிடையாது, பேச்சே இல்லை. போட்டி நாளிலும் முந்தின நாளும் வலி மாத்திரை எதுவும் போடாதீர்கள். அவற்றில் பல ரத்தம் உறைவதைத் தடுக்கும், தலைக்குள் நடப்பதையும் மறைக்கும்.

ஜெயித்தாலும் தோற்றாலும் அன்று இரவு பைக்கிலோ பஸ்ஸிலோ கோவைக்குக் கிளம்பாதீர்கள். சென்னையிலேயே தங்குங்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும், கொண்டாடாத ஆளாக. வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு அப்போதே அழைத்துப்போக வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அமைப்பாளருக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.