ஃபஸ் பெடல் மூச்சு திணறுது, என்ன பண்ணலாம்?

கேள்வி: கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற ஃபஸ் ஃபேஸ் பெடலோட சர்க்யூட்டைப் பார்த்து வெரோபோர்டுல (ஓட்டை போட்ட சர்க்யூட் பலகை) நானே ஒரு பெடல் சால்டர் பண்ணேன் சார், ரெண்டு பிசி547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. சத்தம் வருது, ஆனா நோட்டை இழுத்துப் பிடிச்சா கரகரன்னு பொரிஞ்சு பட்டுன்னு நின்னுடுது. சும்மா இருக்கும்போது ரேடியோ பேச்சு வேற கேக்குது. டிரான்சிஸ்டர் போச்சா? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தப் பெடலை 1966ல லண்டன் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டு வந்தப்போ உள்ள இருந்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், நீங்க போட்டது சிலிக்கான், ஆனா ரெசிஸ்டர் எல்லாம் பழைய கணக்குலயே இருக்கு, அதான் சிக்கல். மல்டிமீட்டரோட கறுப்பு முனையை கிரவுண்டுல வைங்க, சிவப்பை ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல வைங்க (பிசி547ஓட தட்டை முகம் உங்களைப் பார்த்து, கால் கீழ இருந்தா இடது கால்தான் கலெக்டர்). 4.5 வோல்ட் பக்கத்துல இருக்கணும், அப்பதான் அலைக்கு மேலயும் கீழயும் இடம் இருக்கும். சிலிக்கான்ல பேஸ் (நடுக்கால்) வோல்டேஜே 0.6 வோல்ட் கிட்ட இருக்கறதால 1 கே (கிலோ ஓம்) ஃபஸ் பாட் (ஃபஸ் அளவைத் திருப்பற குமிழ்) வழியா கரண்ட் கூட ஓடும், அந்தக் கரண்ட் கலெக்டர் பக்கம் இருக்கற 8.2 கே ரெசிஸ்டர்லயும் ஓடி வோல்டேஜை முழுங்கிடும், கெயின் (பெருக்கும் சக்தி) கம்மியான பிசி547ஆ இருந்தா கலெக்டர் 1.6 வோல்ட் வரைக்கும்கூட இறங்கிடும். 8.2 கே-வைக் கழட்டிட்டு 10 கே டிரிம்பாட் (திருப்பி அளவை மாத்தற சின்ன ரெசிஸ்டர்) போடுங்க, ஒரு நோட்டை அடிச்சுப் பிடிச்சுக்கிட்டே ஸ்க்ரூடிரைவரால மெதுவா திருப்புங்க, 5, 6 கே பக்கம் வரும்போது அந்த நோட்டு திடீர்னு தொண்டை திறந்து நீளமா பாடும், அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு கஷ்டமும், அங்கேயே விட்டுடுங்க.

ரேடியோ பேச்சு வராம இருக்க ஒவ்வொரு டிரான்சிஸ்டர்லயும் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவுல 100 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க. பெட்டி உலோகமா இருக்கணும், அதையும் கிரவுண்டோட சேர்க்கணும், பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்போ ஜெர்மேனியமே போட்டுடலாமா? - அதே வாசகர்

பதில்: ஆசையா இருந்தா பழைய ரேடியோல இருந்து ஏசி128ங்கற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைக் கழட்டிப் போட்டுப் பாருங்க, கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா சத்தம் அழகா தெளியும், அந்த சுகம் தனிதான். ஆனா சூடு ஏற ஏற லீக்கேஜ் (தானா கசியற கரண்ட்) கூடி பயாஸ் (நாம செட் பண்ண கலெக்டர் வோல்டேஜ்) நகர்ந்துடும், சாயங்காலம் ஏசி ரூம்ல செட் பண்ணது மத்தியானம் மொட்டைமாடி ஷெட்ல வேற மாதிரி கேக்கும், அதனால நம்ம ஊர் வெயிலுக்கு முதல் பெடலை சிலிக்கான்லயே முடிங்கன்னுதான் நான் சொல்லுவேன். இன்னொண்ணு, ஏசி128 பிஎன்பி வகை (பிசி547க்கு நேர் எதிர் துருவம்), பேட்டரியோட பிளஸ்தான் கிரவுண்டுக்குப் போகும், மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல சேர்த்தீங்கன்னா ஷார்ட் ஆயிடும், அதுக்குத் தனி பேட்டரி வைங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் கிட்டாருக்கு அடுத்து முதல் பெடலா இதைத்தான் வைக்கணும், முன்னாடி பஃபர் (கிட்டாரையும் பெடலையும் பிரிச்சு வைக்கற சர்க்யூட்) வந்தா வால்யூமைக் குறைச்சாலும் அந்தத் தெளிவு வராது.