கொரோனாவும் காணொலி விசாரணையும் கிரிமினல் கோர்ட் வேலையை எப்படி மாற்றின?

தென் மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றில் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். ஜாமீன், ரிமாண்ட், திருட்டு, அடிதடிதான் என் பிழைப்பு.

லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்ஜாமீன் மனுவுக்காக விடிகாலையில் பஸ் ஏறி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், இரண்டு நிமிடத்தில் வாய்தா வாங்கித் திரும்பிய நாட்கள் ஏராளம். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காணொலிக்கு வழிவிட்ட பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தால், இப்போது இருக்கிற ஊரிலிருந்தே சாட்சி சொல்லிவிடலாம். இதையெல்லாம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இழந்தது ரிமாண்ட் நீட்டிப்பில், அதாவது ஜெயிலில் இருப்பவரின் காவலை நீட்டிக்கும்போது. கைதானவரை முதல் தடவை மாஜிஸ்திரேட் முன் நேரில்தான் நிறுத்த வேண்டும். (நேரில் நிறுத்தினால் மட்டும் போதாது, உற்றும் பார்க்க வேண்டும் என்பதை 2020 ஜூனில் போலீஸ் அடியில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கு காட்டியது.) அடுத்தடுத்த நீட்டிப்பைக் காணொலியில் செய்யலாம் என்று சட்டம் கொரோனாவுக்கு முன்பே சொல்லியிருந்தது. ஆனாலும் வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைத்தால் எங்கள் கோர்ட்டுக்கு ஆளைக் கூட்டி வருவார்கள். கொரோனாவில் நின்ற அந்த வழக்கம் பழையபடி திரும்பவில்லை. அதோடு போனது வராந்தாவில் கிடைத்த பத்து நிமிடம். அம்மா பொட்டலத்தை நீட்டுவாள், ஏட்டு பார்த்தும் பாராததுபோல் திரும்பிக்கொள்வார், நம் ஆள் காதோரமாக எதையாவது சொல்வான். என் கேஸ்களுக்குப் பாதி விஷயம் அங்கேதான் கிடைத்தது.

2021இல் ஒரு திருட்டு வழக்கு. பையனுக்கு வலிப்பு நோய். திரையில் மாஜிஸ்திரேட், "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்றான். அவன் தோளுக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. நாற்பது நொடியில் நீட்டிப்பு முடிந்தது. பிறகு ஜெயிலுக்கு மனு போட்டு அவனை நேரில் பார்த்தபோதுதான், பத்து நாளாக மாத்திரை கொடுக்கவில்லை என்றான். ஏன்டா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்க வச்சு எப்படி சார் சொல்ல?"

கொரோனா காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது காசி என்பவரின் ஜாமீன் வழக்கில் வந்த தீர்ப்பு. நோய்ப் பரவலால் வழக்குத் தாக்கலுக்கான காலக்கெடுவை உச்ச நீதிமன்றம் நீட்டியிருந்தது. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டிய போலீசும் அந்த நிழலில் ஒதுங்கப் பார்த்தது. மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி அதை ஏற்று ஜாமீனை மறுத்தார், இன்னொருவர் வேறொரு வழக்கில் ஏற்கவில்லை. 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம், அந்த நீட்டிப்பு போலீசுக்குப் பொருந்தாது, கெடு தாண்டினால் ஜாமீன் உரிமை என்று முடித்துவைத்தது. அன்று எங்கள் பார் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் திருவிழாதான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்), 530ஆம் பிரிவில் முழு விசாரணையையே மின்னணு வழியில் நடத்த இடம் தருகிறது. டாக்டருக்கும் தடய அறிவியல் நிபுணருக்கும் சரி. கண்ணால் கண்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது மட்டும் ஆள் கூண்டில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேட்கிறேன். கேமராவுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம் காணொலி முடிந்த மறுநாளே ஜெயிலுக்கு மனு போட்டுவிடுகிறேன். மதுரைக்கு மிச்சமான பஸ் காசு அதில் போகிறது.