வீட்டுப் பட்டறையும் பாதுகாப்புச் சட்டமும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சியில் ரேடியோவும் தண்ணி மோட்டரும் திருத்தி வாழ்ந்தவன் நான். பட்டறைச் சாமானால் பொலிசுக்குப் போன பெடியளுக்காக, அந்தச் சாமான் என்ன வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தச் சட்டத்தரணிகளோடு போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: மகனுக்குப் பதினேழு வயது. கொட்டில் நிறைய வயரும் பற்றரியும். ஆமி வந்து பாத்தால் என்ன செய்யிறது எண்டு நித்திரை இல்லை ஐயா. எரிச்சுப்போடட்டோ?

எரிக்காதேங்கோ பிள்ளை. எரித்தால், ஏன் எரித்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் நாலு டயோட் பிடித்து ரேடியோ கேட்டோம். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்தக் கைதான் உங்கள் மகனுக்கும் வந்திருக்கிறது. அதை அணைக்க வேண்டாம்.

ஆனால் சந்தேகம் எப்படி வருகிறது என்று அவனுக்குச் சொல்லுங்கள். பிஸ்கட் தகரத்துக்குள் டைமரும் வயரும் கண்டு ஒரு பெடியனைக் கொண்டுபோனார்கள். அது முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க வைக்கும் பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் சாமான். நான் போய், பல்பு எரிந்து அணைவதைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். மூடியில் நாலு சொல் எழுதி ஒட்டியிருந்தால் அந்த இரண்டு இரவும் தேவைப்பட்டிராது. ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, என்ன செய்கிறான், எங்கே வாங்கினான் என்று எழுதட்டும். பில்லை அதிலேயே ஒட்டட்டும்.

பரந்தனிலிருந்து: அண்ணை, வயலுக்கு மருந்தடிக்க நாங்களே ட்ரோன் கட்டுறம். அனுமதி வேணுமோ?

வேணும் தம்பி. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையில் பதியாமல் மேலே விடாதேங்கோ. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு சில நாட்களிலேயே நாடு முழுக்க ட்ரோன் பறக்கத் தடை போட்டார்கள். வன்னிக்கு இன்னொரு நினைவும் உண்டு: 2007 மார்ச்சில் இங்கிருந்து கிளம்பிய புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. முகாமுக்குப் பக்கத்தில் பறந்தால் ஆமிக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

மாங்குளத்திலிருந்து: கோயில் திருவிழாவுக்குச் சின்ன எப்.எம். ட்ரான்ஸ்மிற்றர் செய்யலாமோ?

அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அது குற்றம். ஆசை இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு எடுங்கோ. நேர்வழி இருக்கிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து: யானைக்கும் பன்றிக்கும் என்ன செய்யலாம்?

வீட்டுக் கரண்டைக் கம்பிக்குக் கொடுக்காதேங்கோ. யானை வேலிக் கருவி ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதிலும் குறைந்த நேரம் அடித்து விடுகிறது. அதனால் உயிர் போவதில்லை. வீட்டின் 230 வோல்ட் விடாமல் பிடித்துக்கொள்ளும். பன்றி வெடி (தீனிக்குள் மறைக்கும் வெடி), இடியன் துவக்கு (உள்ளூரில் செய்யும் நாட்டுத் துப்பாக்கி) இரண்டையும் தொடவே வேண்டாம். வெடிமருந்து வந்த இடத்தில் பொழுதுபோக்கு என்ற பேச்சு எடுபடாது. கிணறு தோண்டும்போது வெடிக்காத எறிகணைச் செல் கண்டாலும் அப்படித்தான்: அசைக்காமல் அடையாளம் வைத்துப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்கோ சொல்லுங்கோ. இரும்புக்கு விலை என்று வீட்டில் வைக்காதேங்கோ.

பெயர் சொல்லாத ஒருவர்: கொண்டுபோனால்?

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சந்தேகத்தின் பேரிலேயே கைதுசெய்யலாம். தடுப்புக் கட்டளை 18 மாதம் வரை போகலாம் என்றிருந்ததை 2022 திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. அதுவே ஒரு வருடம். ஆகவே வீட்டார் அன்றைக்கே ஓட வேண்டும். யார் கொண்டுபோனது, எந்த நிலையம், எத்தனை மணி என்று எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கோ. கைதை 48 மணித்தியாலத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். உச்ச நீதிமன்றில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் காலம். சட்டத்தரணியிடம் அதை முதலில் கேளுங்கோ.

இன்னொன்று, இதுதான் என் நெஞ்சைக் குடைவது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அதற்கு மேலுள்ளவரிடமோ கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்காதேங்கோ. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. மறுத்தால், மறுத்தார்கள் என்பதை நீதவானிடம் சொல்லுங்கோ.