ஆர்மோனியத் துருத்திக்கு ரப்பர் பால் வேண்டாம்

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட்டில் தாத்தாவின் ஆர்மோனியத் துருத்தி மூலையில் தோல் பிரிந்து காற்று போகிறது, வெள்ளை கம் நிற்கவில்லை, பக்கத்து வீட்டு மாமா ரப்பர் பால் தடவச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

ரப்பர் பால் வேண்டவே வேண்டாம். மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து (கிண்ணத்திலிருந்து) எடுத்தால் சில மணி நேரத்தில் தானே உறைந்துவிடும். ஒட்டினாலும் நாளாக ஆகப் பிசுபிசுத்துப்போகும், சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

பிரிந்த இடத்தில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். பழைய பசை இளகி விரலில் ஒட்டினால் அது வஜ்ஜிரம்தான். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுப்பது. அதன்மேல் வெள்ளை கம் சரியாகப் பிடிக்காது. இரண்டையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் இளக்கி, மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வஜ்ஜிரமே போடுங்கள். ஒரு பங்கு வஜ்ஜிரக் குருணைக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர், ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் மைலோ டின்னில் ஊற்றி, சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்குங்கள். கொதித்தால் பிடிப்பே போய்விடும். நாற்றம் வரும், அம்மா திட்டுவார், வாசலில் வைத்துச் செய்யுங்கள். சூடாகத் தடவி, கிளிப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

மாட்டுப் பசை வீட்டில் ஆகாதென்றால் மரவள்ளி மாவுக் கூழ் இருக்கிறது. அட்டைக்கும் துணிக்கும் போதும், தோலுக்குப் பிடி குறைவு. நம்மூர் ஈரத்தில் சீக்கிரம் பூசணமும் பிடிக்கும்.